வெள்ளைக் கப்பலில் ஒரு ‘வாங்க’

கொழும்பில் ஒரு பஸ், இரத்தினபுரியில் ஒரு பஸ், றக்வானவில் இறங்கி மலையில் ஆட்டோ ஏறக்கூடிய இடம் வரை ஆட்டோ, மீதிக்கு நடை. இப்படி ரெஜினோல்ட் லீவில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான மேட்டு லயத்துக்கு வந்து சேர்ந்தபோது அவன் உடம்பில் கப்பலின் ஆட்டம் இன்னும் அடங்கியிருக்கவில்லை. தரை நின்றது, அவன்தான் ஆடினான். அம்மா ரோசம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் சுவரில் சாய்ந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் தூங்கிப் போனான்.

“என்னத்துக்கு இப்புடி அசந்து கெடக்கான்?” என்று ஜெயந்தி கேட்டாள். அவள் அவனுடைய ஒரே தங்கச்சி. றக்வான டவுனில் புடவைக் கடையில் நிற்கிறாள்.

“கடல் பாத்த அசதி,” என்றாள் ரோசம்மா. அவளுக்குக் கடல் தெரியாது. அந்த லயத்தில் கடலைப் பார்த்தவர்கள் குறைவு. ரெஜினோல்டின் பூட்டன் ஒருவர்தான் அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பல் ஏறி வந்தவர். அவரும் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே வந்ததால் கடல் என்ன நிறம் என்று யாருக்கும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

ரெஜினோல்ட் கோஸ்ட் கார்டில் இருக்கிறான். நாட்டின் கரையைக் காக்கிற வேலை. சிங்களத்தில் அதற்கு வெரளாரக்ஷக என்று பெயர். வேலை கிடைத்தது என்று முதன்முதல் லயத்தில் சொன்னபோது பக்கத்துக் காம்பரா வீட்டு மூக்கையா காதில் அது வேறு மாதிரி விழுந்தது. உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுச் சின்னப் பிள்ளைகள் தின்கிற புளிப்புக் காய் இருக்கிறதே, வெரலு, அந்த மரத்துக்குக் காவல் போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். “வெரலுக்கா காவலு? காய் திருடுனா சுட்டுருவீங்களோ?” என்று கேட்டார். விஷயம் புரிந்த பிறகும் அவர் அந்தப் பேச்சை விடவில்லை. ஒவ்வொரு லீவிலும் அதிலேதான் தொடங்குவார்.

இந்தத் தடவையும் சாயங்காலம் வாசலுக்கு வந்துவிட்டார். மூக்கையா வந்தால் ரெஜினோல்ட் எழுந்து, “வாங்க பெரியப்பா, உக்காருங்க,” என்பது வழக்கம். அன்றைக்கு அவன் எழுந்தான், ஸ்டூலைத் தூக்கி அவர் பக்கம் வைத்தான், வாய் திறக்கவில்லை. மூக்கையா ஸ்டூலைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

“வெரலுக்காரரே, ஒங்க கப்பல்ல பீரங்கி இருக்கா?”

“இருக்கு பெரியப்பா. முன்னுக்கு ஒண்ணு.”

“சுட்டிருக்கியா?”

“படங்குத் துணி போட்டுக் கட்டி வச்சிருக்கு. உப்புக் காத்துல துருப் புடிச்சிரும்.”

“அடப் பாவமே. நம்ம பொம்பளைங்க கொழுந்தெடுக்கப் போறப்ப இடுப்புல கட்டுறதும் படங்கு, பீரங்கிக்குக் கட்டுறதும் படங்கு. ப்ளேன் இருக்கா?”

“எங்களுக்கு இல்ல. ஏர்போர்ஸ் ப்ளேன் ஒண்ணு மேல சுத்தும். எந்தப் பக்கம் போட் நிக்கிதுன்னு ரேடியோவுல சொல்லும். அப்புறம் நாங்க போவோம்.”

“சரி, ஒனக்குன்னு என்ன ஆயுதம் குடுத்திருக்காங்க?”

“மைக்கு,” என்றான் ரெஜினோல்ட்.

வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மூக்கையாதான் அதிகமாகச் சிரித்தார். “கோயில் திருவிழாவுல நம்ம தலைவரு பேசுவாரே, அந்த மைக்கா? அப்ப எதிரி ஓடியே போயிருவான்,” என்றார். ரெஜினோல்ட் சிரிக்கவில்லை.

மூக்கையா போன பிறகு ரோசம்மா மகனைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரு வந்தாரு, வாங்கன்னு ஒரு வார்த்த கேட்டியா? வழியில கான்வென்ட் சிஸ்டரு வந்தாங்களாம், அவங்களயும் கேக்கலயாம். கவுருமெண்டுத் திமிருன்னு லயத்துல பேச்சு வந்திருச்சு. எனக்கு அதப் பத்திக் கவல இல்ல. ஞாயித்துக்கெழம கொடகவெலக்காரங்க வர்றாங்க. அன்னைக்கு வாயாற வாங்கன்னு சொல்லணும். வெளங்குதா?”

அவனுக்கு விளங்கியது. அதற்காகத்தான் அவனை லீவு போட்டு வரச் சொன்னார்கள்.

கொடகவெலக்காரர் என்றால் வேறு யாருமில்லை, சொந்த மாமாதான். ரெஜினோல்டின் அப்பா இராயப்பனுக்கு ஒரே அக்கா, லூர்தம்மா. அவளைக் கொடகவெலப் பக்கத்துத் தோட்டத்தில் சவரிமுத்துவுக்குக் கொடுத்தார்கள். சவரிமுத்து இராயப்பனின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மகன். கொடுத்த இடமும் எடுத்த இடமும் ஒன்றுதான், ஒரே ரத்தம். அப்படி இருந்த உறவு ரெஜினோல்டின் ஞானஸ்நானத்தன்று அறுந்து போனது.

அன்றைக்கு மழை. கொடகவெலவிலிருந்து சவரிமுத்து பெண்சாதியையும் கைப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நனைந்து வந்து லயத்துப் படிக்குக் கீழே நின்றார். மேலே இராயப்பன் சோற்று அண்டாவுக்குக் கீழே குனிந்து ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார், திரும்பவும் குனிந்தார். வாங்க என்று கேட்கவில்லை. நம்ம பக்கத்தில் வீட்டு ஆம்பிளை வாசலில் நின்று கேட்காமல் சம்பந்தி ஆட்கள் படி ஏறமாட்டார்கள். அவன் இருக்கும்போது பொம்பளை கேட்டால் எடுபடாது. சவரிமுத்து நின்று பார்த்தார், குடையைத் திருப்பிப் பிடித்தார், இறங்கிப் போய் பஸ் ஏறிவிட்டார். “கண்ணுல புகை. நான் பாக்கல,” என்று இராயப்பன் சாகிற மட்டும் சொன்னார். “பாத்தான். என் கண்ணப் பாத்துட்டுத்தான் குனிஞ்சான்,” என்று சவரிமுத்து சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து ஒரு வீட்டில் மறு வீட்டார் தண்ணிகூடக் குடிப்பதில்லை, கைநனைப்புக் கிடையாது.

இராயப்பன் செத்தபோது சவரிமுத்து வந்தார். சாவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கேட்பதில்லை. அதனால் அவருக்கு வருவது சுலபமாக இருந்தது. லூர்தம்மா தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அழுத அழுகையில் பெண்கள் பேசத் தொடங்கினார்கள். பெண்கள் பேசியதில் பிள்ளைகள் போன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். சவரிமுத்துவின் மகன் சுமன், எம்பிலிப்பிட்டியவில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. ஞானஸ்நானத்தன்று மழையில் திரும்பிப்போன அந்தக் கைப்பிள்ளைதான். சுமனுக்கு ஜெயந்தி, ஜெயந்திக்குச் சுமன் என்று ஆகிவிட்டது. பெண் கேட்டு வரச் சவரிமுத்து சம்மதித்தார், ஆனால் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார்: “படிக்குக் கீழ நிப்பேன். அவன் மகன் கேக்கட்டும்.”

ஒரு சொல்தான் வேண்டும். ரெஜினோல்டுக்கு அந்தச் சொல்தான் வராமல் போயிருந்தது.

அது போனது எப்படி என்றால், அவனை வடக்குக்கு மாற்றியதில் தொடங்கியது. அதற்கு முன் தெற்குக் கரையில் இருந்தான். சின்ன வேகப் படகு, ரப்பர் டிங்கி. குளிக்க வந்து அலையில் மாட்டுகிறவர்களை இழுத்துப்போடுவது, ஆமை முட்டை தோண்டுகிறவர்களைத் துரத்துவது. தோட்டத்து ஆற்றுக் கசத்தில் நீந்தப் பழகியவன் கடலிலும் நன்றாக நீந்தினான். அந்த நாளில் அவன் போனில் பேசினால் குரலில் ஒரு துள்ளல் இருக்கும்.

வடக்கில் பெரிய கப்பல். வெள்ளை உடம்பு, மூக்குப் பக்கம் சாய்வாக ஒரு பட்டை. எந்த நாட்டுக் கோஸ்ட் கார்டும் கிட்டத்தட்ட அப்படித்தான் பூசியிருக்கும். அங்கே வேலை, எல்லை தாண்டி வந்து வலை போடுகிற இந்திய றோலர்களை, அந்த இழுவைப் படகுகளை, மறிப்பது. அதற்கு மைக்கில் தமிழ் பேச ஆள் வேண்டும். முன்பு இருந்தவன் யாழ்ப்பாணப் பக்கத்து வடக்கத்திப் பையன். அவன், “எஞ்ஜினை நிப்பாட்டுங்கோ,” என்று சொல்லுவான். அந்த ‘ஓ’ காதில் விழுந்ததுமே றோலர்க்காரர்கள் வலையை அறுத்துவிட்டு ஓடிவிடுவார்கள். இலங்கைக் கப்பல் என்று அந்த ஒரு எழுத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரு விடியற்காலை. கடலின் மேல் பனி படுத்திருந்தது. ஒரு போட் வலையோடு நின்றது. “எஞ்ஜினை நிறுத்தச் சொல், நின்ற இடத்தில் நிற்கச் சொல்,” என்று லொக்கு மஹத்தயா, அதாவது கப்பலின் பெரியவர், சிங்களத்தில் சொன்னார். ரெஜினோல்ட் மைக்கை எடுத்தான். போட்டின் முன்பக்கம் தலையில் துண்டு கட்டிய ஒரு வயசாளி நிற்பது பனிக்குள் தெரிந்தது. வயசில் மூத்தவரை நில் என்று அதட்டி அவனுக்குப் பழக்கமில்லை. லயத்து வாசலில் வருவது போல வாயில் வந்துவிட்டது.

“எஞ்ஜின நிப்பாட்டுங்கண்ணே. பயப்படாதீங்க. வாங்க. கிட்ட வாங்க.”

போட் ஓடவில்லை. திரும்பி, மெதுவாக, நேராக அவர்களைப் பார்த்து வந்தது. அந்த வயசாளி கையைத் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் இருந்தவன் கொடுக்கலாம் என்று ஒரு பெரிய மீனைக் கூடத் தூக்கிப் பிடித்தான். கிட்ட வந்து கொடியைப் பார்த்த பிறகுதான் அந்தக் கை இறங்கியது.

“நம்ம கப்பலுன்னு நெனச்சோம்,” என்றார் வயசாளி.

யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஏசவில்லை. சட்டப்படி கரைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போகிற வழியில் வயசாளி அவனைக் கேட்டார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“றக்வான.”

“அது எங்கிட்டு? ராமநாதபுரம் பக்கமா?”

“இல்லங்க. இங்கதான். மலையில.”

“அப்புறம் எப்புடி நம்மளாட்டம் பேசுற?”

வயசாளி கடலைப் பார்த்துக்கொண்டு, கோபமில்லாமல், நடந்ததைத் தனக்குத்தானே சரிபார்க்கிற மாதிரி சொன்னார்: “வாங்கன்னு சொன்னியேப்பா.”

அவ்வளவுதான். கோர்ட், மறியலில் அடைப்பு, கொஞ்ச நாளில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். போட் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது.

லொக்கு மஹத்தயாவுக்குச் சந்தோஷம். “ஷோக் மல்லி,” பிரமாதம் தம்பி, என்று முதுகில் தட்டினார். துவக்கைத் தொடாமல், ஒரு வெடி வைக்காமல், ஒருத்தனுக்கும் காயமில்லாமல் போட் தானாக வந்து சேர்ந்தது என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது. அவர் நல்ல மனுஷன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும், “மல்லி, அந்த வாங்கவைச் சொல்லு,” என்பார். கப்பலில் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. சாப்பாட்டு மேசையில், “வாங்க மல்லி, பருப்பைத் தள்ளு,” என்பார்கள். சில போட்டுகள் ஓடின, சில வந்தன. வந்தவற்றில் எல்லாம் யாராவது ஒருத்தர் முகம் கடைசி நேரத்தில் அந்த வயசாளியின் முகமாக மாறியது.

அது தப்பு என்றும் அவனால் சொல்ல முடியவில்லை. இறங்குதுறையில் ஒரு வடக்கத்தி மீன்காரர் கிழிந்த வலையை விரித்துக் காட்டினார். “தம்பி, அவங்கட றோலர் எங்கட வலையையும் சேத்து அள்ளிக்கொண்டு போயிட்டுது. கடன் எடுத்து வாங்கின வலை. நீங்கள் பிடிக்கிறது சரிதான்,” என்றார். அவர் சொன்னதும் நியாயம். வயசாளி சொன்னதும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். நின்று நின்று அலுத்துப் போனான். அந்த அலுப்புதான் தூங்கியும் தீராத அலுப்பு.

இதை அவன் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை பீலியடியில் ஜெயந்தி நாளைக்கு உடுத்தச் சாரியை அலசிக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து குழாயில் விழுகிற தண்ணீர், ஐஸ் மாதிரி இருக்கும். ரெஜினோல்ட் வாளி பிடிக்கப் போனவன், அவள் கேட்காமலேயே சொல்லிவிட்டான். அவள் அலசுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

“அந்த ஆளுங்களுக்குப் பாவந்தான்,” என்றாள் கடைசியில். “ஆனா அண்ணா, நான் ஒன்கிட்ட நக கேட்டனா? மோதிரம் கேட்டனா? ஒரு வார்த்த. அதையும் கடல்லயே போட்டுட்டு வந்து நிக்கிற.”

“வாய் வரைக்கும் வருதுடி. வந்தா அந்தாளு கை தூக்குறது தெரியுது. யாரக் கூப்பிட்டாலும் புடிச்சிக் குடுக்கக் கூப்பிடுற மாதிரி இருக்கு.”

“மாமாவ யாருகிட்டப் புடிச்சிக் குடுக்கப் போற? அம்மாவோட மரக்கறிக்கிட்டயா?”

அவனுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. சாரியைப் பிழிந்து அவன் தோளில் போட்டாள். “நாளைக்கு அவரு திரும்பிப் போனாருன்னா, சுமன் அப்பா பேச்ச மீற மாட்டாரு. அதத் தெரிஞ்சிக்க,” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் கீழே ரோட்டில் வேன் வந்து நின்றது. லயமே வெளியில் நின்றது. யாரும் அதற்காக நிற்கவில்லை என்று காட்டிக்கொள்ள ஒருத்தி முறத்தைப் புடைத்தாள், ஒருத்தன் கோழியைத் தேடினான். மூக்கையா மட்டும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒளிவு மறைவில்லாமல் பார்த்தார்.

சவரிமுத்து வெள்ளைச் சட்டை போட்டு, வெயிலுக்குக் குடை பிடித்து, முழங்காலைப் பார்த்துப் பார்த்து ஊன்றி வந்தார். பின்னால் லூர்தம்மா. அவளுக்குப் பின்னால் சுமன், கையில் கேக் பெட்டி. படிக்குக் கீழே, அன்றைக்கு நின்ற அதே இடத்தில், சவரிமுத்து நின்றார். நின்று மேலே பார்த்தார்.

மேலே ரெஜினோல்ட் நின்றான், அப்பா அண்டாவுக்குக் குனிந்த இடத்தில். இன்றைக்குப் புகை இல்லை. பார்க்கவில்லை என்று சொல்ல வழியும் இல்லை.

வாயைத் திறந்தான். சொல் வந்தது, பல்லுக்குப் பின்னால் நின்றது. கீழே நிற்கிற வெள்ளைச் சட்டைக்குப் பதிலாகத் தலைத்துண்டும் தூக்கிய கையும் தெரிந்தன. கதவுக்குப் பின்னாலிருந்து ரோசம்மா, “சொல்லுடா,” என்று மூச்சுக் குரலில் சொன்னாள். சவரிமுத்து குடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். அன்றைக்கும் திரும்புவதற்கு முன் குடையைத்தான் திருப்பினார் என்பது லூர்தம்மாவுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், அவள் புருஷனின் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டாள்.

“வாங்கோ மாமா,” என்றான் ரெஜினோல்ட். “வாங்கோ அத்த. வாங்கோ.”

முறம் நின்றது. மூக்கையாவுக்கு இருமல் வந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

சவரிமுத்து பெண்சாதி பக்கம் திரும்பினார். “என்னன்னு சொல்றான்?”

“வாங்கோங்கிறான்.”

“அது யாரு பேச்சு?”

“வடக்குப் பேச்சு மாமா,” என்றான் ரெஜினோல்ட். “அங்கதான வேல.”

“நக்கலா?”

“இல்ல மாமா.” படியில் இரண்டு எட்டு இறங்கினான். “மத்தது வர மாட்டேங்குது. எனக்கு இப்ப இதுதான் வருது. சத்தியமா.”

சவரிமுத்து அவன் முகத்தைப் பார்த்தார். ஞானஸ்நானத்துக்கு வந்து பார்க்காமல் போன முகம். அப்பா சாவில் அழுது வீங்கியிருந்ததால் அன்றைக்கும் சரியாகப் பார்க்காத முகம். கண்ணுக்குக் கீழே கறுத்து, உதடு உப்பில் வெடித்து, இந்த வயசுக்கு இருக்கக்கூடாத ஒரு களைப்போடு இருந்தது. இப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு ஒருத்தன் நக்கல் பண்ணமாட்டான் என்பது அவருக்குத் தெரிந்தது. அவரும் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்தான்.

“ஒங்கப்பன் ஒண்ணுமே சொல்லல,” என்றார். “நீ ஒரு எழுத்து கூட்டிச் சொல்ற. ரெண்டையும் சேத்து வச்சா சரியாத்தான் வருது போல.”

குடையை மடக்கினார். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். முழங்கால் மடங்க மறுத்தது. ரெஜினோல்ட் இறங்கிப் போய்த் தோளைக் கொடுத்தான். அவர் பாரம் முழுவதையும் அவன் மேல் போட்டுக்கொண்டு ஏறினார். பின்னால் லூர்தம்மா சட்டையை விடாமலே ஏறினாள். சுமன் கேக் பெட்டியை இடித்துக்கொள்ளாமல் ஏறினான். “யாழ்ப்பாணத்து மாப்ள வூடா இது,” என்று மூக்கையா யாருக்கோ சொல்வது கேட்டது.

காம்பரா சின்னது. எல்லோரும் உட்கார்ந்தபோது இடமில்லாமல் ரெஜினோல்ட் வாசற்படியில் நின்றான். உள்ளே ரோசம்மா பிளேன்டீயை முதல் கோப்பையாகச் சவரிமுத்துவிடம் நீட்டினாள். அவர் வாங்கி, எல்லோரும் பார்க்கக் குடித்தார். ஜெயந்தி சுமன் பக்கம் பார்க்காமல் பார்த்தாள். லூர்தம்மா இராயப்பனின் படத்தைப் பார்த்து மூக்கைச் சிந்தினாள்.

ரெஜினோல்ட் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். நாளை மறுநாள் இறங்கிப் போக வேண்டும். மைக்குக்கு வேறு ஆள் போடச் சொல்லிக் கேட்கலாம், சமையலுக்கு விடச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் லொக்கு மஹத்தயா சிரிப்பார். அதற்கு மேல் யோசிக்க அவனுக்குத் தெம்பு இல்லை.

“ஏண்டா மருமவனே,” என்று உள்ளேயிருந்து சவரிமுத்து கூப்பிட்டார். “சொந்த வீட்டு வாசல்லயும் காவலா? உள்ள வா.”

அவன் உடனே அசையவில்லை. அந்த ‘வா’வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு கணம் பார்த்தான். ஒரு கோப்பை தேத்தண்ணியும், ஜெயந்தி நகர்ந்து விட்ட ஒரு சாண் இடமும் இருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.